உண்டியலிலிருந்து கவருக்கு

1967 தேர்தலுக்கு முன்பு சென்னை விருகம்பாக்கத்தில் தி.மு.க. மாநாடு நடந்தது. வேட்பாளர் பட்டியலை அண்ணா வாசித்துக்கொண்டு வந்தார். தொகுதியின் பெயர், அடுத்து வேட்பாளரின் பெயர். சைதாப்பேட்டை வந்தபோது மு. கருணாநிதி என்று சொல்லாமல் பதினோரு லட்சம் என்றார். பந்தல் அதிர்ந்தது. தேர்தல் நிதிக்குக் கட்சி வைத்திருந்த இலக்கு 10 லட்சம் ரூபாய். கருணாநிதி திரட்டிக் கொண்டுவந்து கொடுத்தது 11 லட்சம்.

மேடைகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன கதை இது. சொல்கிறவர்கள் ஒரு தலைவரின் சாமர்த்தியத்துக்குச் சான்றாக இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பணம் எங்கிருந்து எங்கே போனது? ஊரிலிருந்து கட்சிக்குப் போனது. இன்று தமிழ்நாட்டில் தேர்தல் பணம் என்று சொன்னால் யாருக்கும் நினைவுக்கு வருவது கட்சியிடமிருந்து ஊருக்கு வரும் பணம். அறுபது ஆண்டுகளுக்குள் பணத்தின் திசை நேர் எதிராகத் திரும்பிவிட்டது. மாநில அரசியலில் யார் பேச்சு எடுபடுகிறது, எந்தக் கூட்டத்தாரின் கோரிக்கை கோப்பாகிறது, எது குப்பைக்குப் போகிறது என்பதெல்லாம் இந்தத் திருப்பத்தோடு சேர்ந்தே மாறியது.

அந்த 11 லட்சம் ஒரே இடத்தில் கிடைத்த பணமாக இருக்க வழியில்லை. அன்றைக்கு அந்தக் கட்சி நிதி திரட்டிய முறைகள் பலருக்கும் தெரிந்தவை. ஊர் ஊராக நிதியளிப்புக் கூட்டம் நடக்கும். கிளைக் கழகம் வசூலித்த தொகையை மேடையில் பணமுடிப்பாகக் கொடுக்கும். எவ்வளவு என்று மைக்கில் அறிவிப்பார்கள். கட்சிக்காக நாடகம் போட்டு டிக்கெட் விற்பார்கள். தலைவர்கள் பேச வந்தால் கட்டணம் கொடுத்து உட்கார்ந்து கேட்டவர்கள் உண்டு. கூட்டத்தில் துண்டை ஏந்திக்கொண்டு போனால் நாலணா, எட்டணா விழும். கம்யூனிஸ்டுகளுக்கு உண்டியல். மில் வாசலில், பஸ் நிலையத்தில், சந்தையில் தகர உண்டியலைக் குலுக்கிக்கொண்டு நிற்பார்கள்.

தேர்தல் வேலைக்கும் பெரிய செலவில்லை. சுவருக்கு வெள்ளையடித்து நீலத்தைக் கரைத்துச் சின்னம் வரைந்தவர்கள் தெருப்பையன்களே. தட்டி கட்டியது, சைக்கிளில் ஊர்வலம் போனது, வாக்குச்சாவடிக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுத்தது எல்லாம் சொந்தக் காசில் டீ குடித்தவர்கள் செய்த வேலை. அந்தத் தேர்தலில் தி.மு.க. 174 தொகுதிகளில் போட்டியிட்டது. திரட்டிய 11 லட்சத்தைப் பகிர்ந்து பார்த்தால் ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய 6,300 ரூபாய். வேட்பாளர்கள் தனியாகத் திரட்டியதும் செலவழித்ததும் வேறு. அதையும் சேர்த்துக்கொண்டாலும், விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் 1,285 வாக்கு வித்தியாசத்தில் காமராஜரைத் தோற்கடித்த தேர்தல் அது. பணம் எந்தப் பக்கம் கூடுதலாக இருந்தது என்று பார்த்து முடிவு சொல்லியிருந்தால் யாரும் சீனிவாசன் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதற்காக அன்றைக்கு எல்லாம் சுத்தமாக இருந்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். காமராஜர் எளிமையாக வாழ்ந்தார். அவருடைய கட்சிக்குப் பணம் தந்தவர்களில் ஆலை முதலாளிகளும் பஸ் முதலாளிகளும் பெரிய மிராசுதார்களும் இருந்தார்கள். மிராசுதார் கை காட்டிய பெட்டியில் பண்ணையாட்கள் ஓட்டுப் போட்ட ஊர்கள் உண்டு. ஓட்டுக்குக் காசு என்பதும் நேற்று முளைத்ததில்லை. சூடத்தை அணைத்துச் சத்தியம் வாங்குவதும், பால் மேல் கை வைக்கச் சொல்வதும் பழைய பழக்கங்கள். ஆனால் அவை அங்கங்கே நடந்தவை. மாநிலம் முழுவதற்குமான ஓர் ஏற்பாடாக அவை மாறியிருக்கவில்லை.

முதலாளிகள் கட்சிக்குப் பணம் கொடுப்பது பற்றி அன்றைக்கே பெரிய கவலை இருந்தது. 1957இல் டாட்டா இரும்பு நிறுவனம், அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தருவதற்காகத் தன் அமைப்புவிதியைத் திருத்திக்கொள்ள அனுமதி கேட்டு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா சட்டப்படி அனுமதித்தார். அனுமதித்த அதே தீர்ப்பில், இது ஜனநாயகத்தையே நெரித்துவிடக்கூடிய ஆபத்து, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்ற பொருளில் எச்சரித்தும் வைத்தார். 1960இல் சட்டம் வந்தது: ஒரு கம்பெனி ஆண்டுக்கு 25,000 ரூபாய் அல்லது சராசரி நிகர லாபத்தில் 5 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அதுவரை தரலாம், கணக்கில் காட்ட வேண்டும்.

ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது இந்த வெளிப்படைத்தன்மைக்கு ஒரு சோதனை வந்தது. 1961இல் ஜே.ஆர்.டி. டாட்டா நேருவுக்கே கடிதம் எழுதினார். காங்கிரஸுக்குத் தருவது போலவே சுதந்திராக் கட்சிக்கும் தரப்போகிறோம் என்று தெரிவித்தார். நேருவுக்கு அது பிடித்திருக்காது. ஆனாலும் கொடுக்கிறவர் யார், வாங்குகிறவர் யார், ஏன் என்பது ஒரு கடிதத்தில் எழுதக்கூடிய செய்தியாக அன்று இருந்தது என்பதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

அந்தக் கதவு 1969இல் மூடப்பட்டது. கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை தரக்கூடாது என்று இந்திரா காந்தியின் அரசு சட்டத்தைத் திருத்தியது. தேர்தலை அரசே தன் செலவில் நடத்தும், கட்சிகளுக்கு வேறு வழி செய்து தரும் என்றெல்லாம் எதுவும் இல்லாமல், வெள்ளைப் பணம் வரும் வாசலை மட்டும் மூடினார்கள். பணம் கொல்லைப்புற வழியாக வர ஆரம்பித்தது. 1985இல் தடையை நீக்கியபோது, ரொக்கமாகக் கொடுத்து ரொக்கமாக வாங்கும் பழக்கம் பதினாறு ஆண்டு வேர்விட்டிருந்தது. இந்தத் தடையைப் பற்றி இடதும் வலதும் ஒன்றாகப் பெருமைப்பட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் இந்திய அரசியல் நிதியைக் கெடுத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு ஓட்டை 1974இல் விழுந்தது. கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செலவழிப்பதையும் வேட்பாளரின் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சில வாரங்களில் அவசரச் சட்டம் கொண்டுவந்து அந்தத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கினார்கள். அன்றிலிருந்து வேட்பாளருக்கு உச்சவரம்பு உண்டு, கட்சிக்குக் கிடையாது. இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதி ஒன்றுக்கு வேட்பாளரின் வரம்பு 40 லட்சம் ரூபாய். 2021 தேர்தலில் ஒரு தொகுதியில் சராசரியாக 2.7 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள். ஆளுக்கு 15 ரூபாய் வருகிறது. அந்த வரம்புக்குள்தான் செலவழித்தோம் என்று ஒவ்வொரு வேட்பாளரும் கையெழுத்துப் போட்டுக் கணக்குக் கொடுக்கிறார். எம்.எல்.ஏ.வாக ஒருவர் போடும் முதல் கையெழுத்தே ஊர் நம்பாத கணக்கின் கீழ் விழுகிறது.

மத்தியில் சட்டங்கள் இப்படிப் போனபோது மாநிலத்தில் ஒப்பந்தக்காரர்களின் காலம் தொடங்கியது. 1976இல் அமைக்கப்பட்ட சர்க்காரியா ஆணையம் வீராணம் குழாய் ஒப்பந்தத்தையும், பயிருக்கு விமானத்திலிருந்து மருந்து தெளிக்கும் ஒப்பந்தத்தையும் விசாரித்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் எரிசாராய விவகாரத்துக்கு ராய் ஆணையம் வந்தது. இவை எதுவும் ஆட்சியாளர்களுக்குத் தண்டனையில் போய் முடியவில்லை. ஆனால் இந்த விசாரணைகளில் அடிபட்ட பெயர்களைப் பார்த்தால் காலம் மாறியது தெரியும். பஞ்சாலை அதிபரும் மிராசுதாரும் இருந்த இடத்தில் குழாய் போடுகிறவர், சாராயம் காய்ச்சுகிறவர், அரசாங்கத்துக்கு விற்கிறவர், அரசாங்கத்திடம் உரிமம் வாங்குகிறவர் வந்துவிட்டார்கள். பஞ்சாலைக்காரர் நூல் விற்றுப் பிழைத்தார். அரசு அவருக்குத் தொந்தரவு தராமல் இருந்தால் போதும். ஒப்பந்தக்காரருக்கு அரசுதான் வாடிக்கையாளர். இவர் கொடுக்கும் பணத்தின் தன்மையே வேறு.

மதுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் மொத்த விற்பனையை எடுத்துக்கொண்டது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போயிற்று. அதற்கு முன்பு ஏலத்தில் கடை எடுத்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். இன்று வாங்குவது ஒருவரே, அரசு. எந்த ஆலையிலிருந்து எத்தனை பெட்டி வாங்குவது என்பது அலுவலகத்தில் முடிவாகிறது. 2023-24இல் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்த அளவு பணம் ஒரே மேசையைக் கடந்து போகும்போது, அந்த மேசைக்கு அருகில் நிற்க யாரெல்லாம் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதை யூகிக்கக் கஷ்டமில்லை. அமெரிக்காவின் மாநிலங்களில் சட்டமன்றத்தில் பிறருக்காகக் காரியம் சாதித்துத் தருகிறவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்; யாருக்காக வேலை செய்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். அங்கும் பணம்தான் பேசுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் யாருடைய பணம் என்று தெரிந்துகொள்ள ஒரு பதிவேடு இருக்கிறது. கோட்டைக்கு வந்துபோகும் தரகர்களுக்கு இந்தியாவில் எந்தப் பதிவேடும் இல்லை.

அழுத்தம் கொடுக்கிற குழுக்கள் எல்லாம் பணக்காரக் குழுக்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டின் சொந்த வரலாறே அதற்கு எதிர்ச்சாட்சி. 1970இல் மின் கட்டணத்தைப் பைசாக் கணக்கில் உயர்த்தியதை எதிர்த்து கோவை மாவட்ட விவசாயிகள் போராடினார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று பேர் இறந்தார்கள். 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகளைக் கோவை நகருக்குள் ஓட்டிவந்து நிறுத்தினார்கள். நகரம் நின்றது, அரசு பேச்சுவார்த்தைக்கு வந்தது. நாயுடு 1984இல் மறைந்தார். சிறு விவசாயிகளுக்கு எம்.ஜி.ஆர். ஆட்சியிலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990இல் கருணாநிதி ஆட்சியிலும் மின்சாரம் இலவசமானது. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் நடத்திய ஒரு வாரச் சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது.

இந்தக் கோரிக்கைகளோடு ஒருவர் உடன்படலாம், உடன்படாமலும் போகலாம். இலவச மின்சாரம் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதைப் பற்றி எனக்கே நிறைய வருத்தம் இருக்கிறது. ஆனால் கேட்டவர்கள் யார், கேட்டது என்ன, அரசு கொடுத்தது என்ன என்று மூன்றும் பட்டப்பகலில் தெரிந்தன. எதிர்க்கிறவருக்கும் எதை எதிர்க்க வேண்டும் என்று தெரிந்தது. இவர்கள் கொண்டுவந்தது வண்டிகளையும் தங்கள் உடம்பையும். கோட்டையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவர் கொண்டுவருவது வேறு. அவர் கேட்டது என்னவென்று அரசாணை வந்து பல மாதம் கழித்துத்தான் ஊருக்குப் புரியும், சில சமயம் புரியாமலே போகும்.

2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தல். அதற்குப் பிறகு தமிழில் ஒரு புதுச் சொற்றொடர் பிறந்தது: திருமங்கலம் ஃபார்முலா. காலைப் பத்திரிகையோடு கவர் வந்தது, கவருக்குள் வாக்குச் சீட்டோடு 5,000 ரூபாய் இருந்தது என்று சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகம் தன் அரசுக்கு அனுப்பிய கேபிளில் எழுதியிருந்தது. விக்கிலீக்ஸ் வழியாக அது 2011இல் ‘தி இந்து’வில் வெளியானது. தி.மு.க. மறுத்தது. ஆனால் அந்தத் தேர்தலுக்குப் பிறகு எந்தக் கட்சியும் பழைய முறைக்குத் திரும்பவில்லை என்பதை ஊர் அறியும்.

முன்பு பணம் ஊர்த் தலைக்கட்டிடம் கொடுக்கப்படும். கோவில் திருப்பணிக்கோ மன்றக் கட்டடத்துக்கோ என்று ஒரு பேர் இருக்கும். இப்போது வாக்காளர் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, பக்கத்துக்கு ஓர் ஆள் போட்டு, வீட்டில் எத்தனை ஓட்டு, வெளியூரில் எத்தனை பேர், நம் பக்கமா எதிர்ப்பக்கமா என்று குறித்துக்கொண்டு பட்டுவாடா நடக்கிறது. அந்த நேரத்தில் தெருவில் கரண்ட் போவதாகப் புகார் வராத தேர்தல் இல்லை. கையில் பணம் கொடுக்க முடியாவிட்டால் டோக்கன். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் 20 ரூபாய் நோட்டே டோக்கனாகப் பயன்பட்டது என்று குற்றச்சாட்டு எழுந்தது. கட்சியின் அடிமட்ட அமைப்பு இன்று மற்ற நாட்களில் என்ன செய்கிறதோ, தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு இந்தப் பட்டுவாடாவைச் சிந்தாமல் சிதறாமல் நடத்திக் காட்டுகிறது. இவ்வளவு ஒழுங்காக இயங்கத் தெரிந்த ஒரு படை, ஊரில் குடிநீர் வரவில்லை என்று மனு எழுதக்கூட வருவதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

தேர்தல் ஆணையம் பறக்கும் படை, வாகனச் சோதனை என்று இறங்கிய பிறகு அளவுகள் வெளியே தெரிய ஆரம்பித்தன. 2011இல் திருச்சியில் ஓர் ஆம்னி பஸ்ஸின் கூரையில் 5 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டு தொகுதிகளிலும் பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தலையே நிறுத்தினார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. வருமான வரிச் சோதனையில் கிடைத்த காகிதத்தில் 2.24 லட்சம் வாக்காளர்களுக்கு ஆளுக்கு 4,000 வீதம் 89 கோடிக்கு மேல் கணக்கு எழுதப்பட்டிருந்தது. 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதிக்கான தேர்தல் ரத்தானது. ஒரு சிமென்ட் கிடங்கில் 11 கோடிக்கு மேல் பிடிபட்டிருந்தது. ஆகஸ்டில் திரும்ப நடந்தபோது வெற்றி வித்தியாசம் 8,141. 2016 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் பணமும் பொருளுமாகப் பிடிபட்டதன் மதிப்பு ஏறக்குறைய 131 கோடி. 2021இல் 446 கோடி. பிடிபடாதது எவ்வளவு என்பது அவரவர் ஊகத்துக்கு.

1967லிருந்து விலைவாசி ஐம்பது மடங்கு ஏறியதாகவே வைத்துக்கொள்வோம். அந்த 11 லட்சம் இன்றைக்கு ஐந்தரைக் கோடி ஆகும். ஒரு கட்சி ஆட்சியைப் பிடிக்க மாநிலம் முழுவதும் திரட்டிய நிதி அது. ஆர்.கே. நகர்க் காகிதத்தில் ஒரே தொகுதிக்கு 89 கோடி. இந்தப் பணத்தைத் துண்டேந்தி வசூலிக்க முடியாது. இதைக் கொடுக்கக்கூடியவர்கள் மாநிலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்; கொடுத்ததைத் திரும்ப எடுக்க வழி உள்ளவர்கள் அவர்களிலும் சிலர். வேட்பாளர் தேர்வும் இதற்கேற்ப மாறிவிட்டது. விருப்ப மனு கொடுத்தவரிடம் நேர்காணலில் எவ்வளவு செலவழிக்க முடியும் என்று கேட்பது இன்று ரகசியமில்லை. 2021இல் வென்ற எம்.எல்.ஏ.க்களில் 86 விழுக்காட்டினர் கோடீஸ்வரர்கள் என்று அவர்கள் தாக்கல் செய்த சொத்துக் கணக்குகளிலிருந்து ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் (ஏ.டி.ஆர்.) தொகுத்துச் சொன்னது. சீனிவாசன்களுக்கு இந்த வரிசையில் இடமில்லை.

உண்டியல் கட்சிகளும் தப்பவில்லை. 2019 மக்களவைத் தேர்தலுக்குத் தி.மு.க. ஆணையத்திடம் கொடுத்த செலவுக் கணக்கில் கூட்டணிக் கட்சிகளுக்குத் தந்த 40 கோடி இருந்தது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு 15 கோடி. வங்கி வழியாக வந்தது, தேர்தல் செலவுக்கு வந்தது, கணக்கில் இருக்கிறது என்று இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் சொன்னது உண்மையே. சட்டத்தில் தவறில்லை. மில் வாசலில் தகர உண்டியல் குலுக்கிய கட்சிகள் என்பதால் எனக்கு அது வலித்தது.

கவருக்குள் போகும் பணத்துக்கு ரசீது கிடையாது. ரசீது உள்ள பணத்திலும் கொடுத்தவர் பெயரை மறைக்க 2017இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தேர்தல் பத்திரத் திட்டம் அந்த ஆண்டு நிதிச் சட்டத்தில் வந்தது. 2018 முதல் ஸ்டேட் வங்கி பத்திரங்களை விற்றது. கம்பெனி லாபத்தில் 7.5 விழுக்காடு என்றிருந்த உச்சவரம்பும் அதே சட்டத்தில் போயிற்று. லாபமே இல்லாத கம்பெனியும் கொடுக்கலாம் என்றாயிற்று. திட்டம் நடப்பில் இருந்த காலத்தில் தமிழ்நாட்டில் 2019 மக்களவைத் தேர்தலும் 2021 சட்டமன்றத் தேர்தலும் நடந்தன. வரிசையில் நின்று வாக்களித்தவர்களில் எவருக்கும் எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்று தெரியாது.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தை ரத்துசெய்தது. யார் பணம் கொடுக்கிறார்கள் என்று அறிவது வாக்காளரின் உரிமை என்றது. அடுத்த மாதம் கணக்கு வெளிவந்தது. நாட்டிலேயே அதிகத் தொகைக்குப் பத்திரம் வாங்கியது கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம்: 1,368 கோடி. தி.மு.க.வுக்குப் பத்திரங்களில் வந்தது 656.5 கோடி, அதில் 509 கோடி இந்த ஒரு நிறுவனத்திடமிருந்து. மேகா எஞ்சினியரிங் 105 கோடி. அ.தி.மு.க.வுக்கு வந்தது 6 கோடியளவு. கொடுத்தவர்கள் பெயரைக் கேட்டு வாங்கி ஆணையத்திடம் ஒப்படைத்த மிகச் சில கட்சிகளில் இந்த இரண்டும் இருந்தன என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நாட்டில் மிக அதிகமாகப் பெற்ற பா.ஜ.க. அந்தப் பெயர்களைச் சொல்லவில்லை.

2003லேயே லாட்டரியைத் தடைசெய்த மாநிலம் இது. லாட்டரி நிறுவனம் தி.மு.க.வுக்கு 509 கோடி ஏன் கொடுத்தது? பதிலுக்கு ஏதோ நடந்தது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அந்த ஆண்டுகளில் சட்டமன்றத்தில் எழுந்து கேட்க யாருக்கும் வழி இல்லாமல் இருந்தது என்பதே என் குறை. 1972இல் மாட்டுவண்டிகள் ஏன் நிற்கின்றன என்று கோவையில் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு வாக்காளர் டி.வி.க்கும் மிக்ஸிக்கும் ஓட்டை விற்கிறார் என்று வடக்கேயும் இங்கே ஆங்கிலத் தொலைக்காட்சிகளிலும் பேசுகிறவர்கள், அரசுத் திட்டத்தையும் கவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ரேஷன் அரிசி, சத்துணவு, பஸ் பயணம், உரிமைத்தொகை இவையெல்லாம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டு, பட்ஜெட்டில் ஒதுக்கப்பட்டு, சட்டமன்றத்தில் விவாதிக்கப்பட்டு வருபவை. ஓட்டுப் போட்டவருக்கும் போடாதவருக்கும் ஒரே விதி. கிடைக்கவில்லை என்றால் தாலுகா அலுவலகத்தில் போய்ச் சண்டை போடலாம். கவரில் வந்த 500 ரூபாய் வேறு ஜாதி. அதை வாங்கியவர் ஐந்து ஆண்டு கழித்து எம்.எல்.ஏ.விடம் ரோடு ஏன் போடவில்லை என்று கேட்டால், காசு வாங்கிட்டுதானே போட்ட என்று பதில் வருகிறது. நன்கொடை கொடுத்தவராக இருந்தபோது அவருக்கு இருந்த குரல் வாங்குகிறவரானதும் பாதியாகிவிட்டது. மற்றப் பாதி யார் பெருந்தொகை கொடுத்தாரோ அவரிடம் போய்ச் சேர்ந்தது.

கவரை வாங்குகிற ஏழையைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. எப்படியும் சம்பாதிக்கப் போகிறார்கள், நம் பங்கையாவது வாங்கிக்கொள்வோம் என்று நினைக்கிற பெண்மணியின் கணக்கு தவறான கணக்கு என்று நிரூபிக்க நம்மிடம் ஒன்றும் இல்லை. வாங்கிக்கொண்டு வேறு ஒருவருக்குப் போட்டவர்கள் எண்ணிக்கையும் பெரிது. அதிகம் கொடுத்தவர் தோற்ற தேர்தல்கள் இங்கே பல. பணம் வெற்றியை வாங்கித் தருகிறதா என்பதே சந்தேகம். பணமில்லாதவரைப் பந்தயத்துக்குள் வரவிடாமல் செய்கிறது என்பதில் சந்தேகமில்லை. விக்கிரவாண்டியில் 2024இலும் ஈரோடு கிழக்கில் 2025இலும் அன்றைய பிரதான எதிர்க்கட்சியான அ.தி.மு.க.வே இடைத்தேர்தலைப் புறக்கணித்து ஒதுங்கியது. முப்பதாண்டுக்கு மேல் ஆண்ட கட்சிக்கே இந்த நிலை என்றால் புதிதாக வருகிற ஒரு பள்ளி ஆசிரியரோ வழக்கறிஞரோ என்ன செய்வார்?

2016இல் அரவக்குறிச்சி, தஞ்சைத் தேர்தல்களை நிறுத்திய ஆணையம், பணப் பட்டுவாடா நடந்தால் தேர்தலை ரத்துசெய்யும் அதிகாரத்தைச் சட்டத்திலேயே எழுதித் தாருங்கள், வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் ரத்துசெய்ய ஒரு பிரிவு இருக்கிறதே, அதைப்போல என்று மத்திய அரசிடம் கேட்டது. கிடைக்கவில்லை. கட்சிச் செலவுக்கு வரம்பு வைப்பதும் டெல்லியின் கையில்தான். ஆகவே இங்கே ஒன்றும் செய்ய முடியாது என்று கோட்டையில் இருப்பவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. நாட்டில் முதன்முதலாக 1997இல் தகவல் அறியும் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. 1998இல் டெண்டர்களில் வெளிப்படைத்தன்மைக்கென்று தனிச் சட்டம் போட்டதும் இந்த மாநிலமே. அந்த டெண்டர் சட்டம் சட்டமன்றத்தின் சொந்தச் சட்டம். அதைத் திருத்த டெல்லிக்கு மனு எழுத வேண்டியதில்லை. அரசிடம் ஒப்பந்தமோ உரிமமோ கேட்டு வருகிற ஒவ்வொருவரும் கடந்த ஐந்து ஆண்டில் எந்தக் கட்சிக்கு, எந்த அறக்கட்டளை வழியாக, எவ்வளவு கொடுத்தார் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தர வேண்டும், அது டெண்டர் அறிவிப்போடு பொதுப் பார்வைக்கு வர வேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்க்கலாம். அமைச்சர்களைச் சந்தித்த தொழில் அமைப்புகளின் பெயரை மாதாமாதம் வெளியிடலாம். இரண்டுக்கும் ஓர் அமர்வு போதும். எந்தக் கட்சி அதை முன்மொழிகிறது, எந்தக் கட்சி அன்று வெளிநடப்புச் செய்கிறது என்று அவைக் குறிப்பில் பதியட்டும்.